நாய்க்குத் தெள்ளும் உண்ணியும், வீட்டில் பூனையும் கைக்குழந்தையும்: எதைப் போடுவது?

நிலாமுற்றம்:

எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் 4 வயது நாய் ஒன்று, பெரிய பூனை ஒன்று, அப்புறம் போன வாரம் வந்து சேர்ந்த 5 வாரக் குட்டிப்பூனை ஒன்று. இரண்டு வாரமாக நாய் வாலடியையும் இடுப்பையும் கடித்துக் கடித்து முடியே உதிர்ந்துவிட்டது. பூச்சி ஷாம்பூ போட்டு இரண்டு முறை குளிப்பாட்டினேன், இரண்டு நாள் நன்றாக இருக்கும், மூன்றாம் நாள் திரும்பவும் அதே கதை. இப்போது என் கணுக்காலிலும் சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு. இது போதாதென்று நேற்று நாயின் காதுக்குள் இரண்டு உண்ணி பார்த்தேன், இன்று காலையில் திரைச்சீலைக்குப் பின்னால் சுவரில் ஒன்று ஏறிக்கொண்டிருந்தது.

10 மாதக் குழந்தை தரை முழுக்கத் தவழ்கிறது, அதனால் வீடு முழுக்க ஸ்ப்ரே அடிக்கப் பயமாக இருக்கிறது. நாய்க்கு வாங்கிய கழுத்தில் விடும் சொட்டு மருந்து ஒரு டியூப் மீதி இருக்கிறது. அதில் பாதியைப் பூனைக்கு விடலாமா? அளவைக் குறைத்தால் போதும் என்று ஒருவர் சொன்னார். தெரிந்தவர்கள் கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள்.

சாம்பல்பூனை:

விடாதீர்கள். பாதி வேண்டாம், கால்வாசி வேண்டாம், ஒரு சொட்டுகூட வேண்டாம். முதலில் அந்த டியூபின் லேபிளைப் படியுங்கள். பெர்மெத்ரின் என்று இருந்தால் அது பூனைக்கு விஷம். நாயின் உடல் அதை உடைத்து வெளியேற்றிவிடும், பூனையின் கல்லீரலுக்கு அந்த வேலையைச் சரியாகச் செய்ய முடியாது, அதனால் அளவைக் குறைத்தால் சரியாகிவிடும் என்ற கணக்கு இங்கே எடுபடாது. நாய்க்கு மட்டும் அதை விட்டு, ஈரம் காயும் முன் பூனை போய் நாய்மேல் உரசிப் படுத்தாலோ நக்கினாலோகூட ஆபத்துதான். சில நாய்க் காலர்களில் இருக்கும் அமிட்ராஸும் பூனைக்கு ஆகாது.

இவ்வளவு வேகமாக எழுதக் காரணம் இருக்கிறது. என் பூனைக்கு இதேபோல வீட்டில் ஒருவர் தெரியாமல் நாய் மருந்தை விட்டுவிட்டார். சில மணி நேரத்தில் காது துடித்தது, பிறகு உடம்பெல்லாம் நடுக்கம், வாயில் எச்சில் ஒழுகியது, கடைசியில் வலிப்பு. மூன்று நாள் மருத்துவமனையில் வைத்திருந்து காப்பாற்றினார்கள். எப்போதாவது அப்படித் தவறு நடந்துவிட்டால், வலிப்போ நடுக்கமோ இன்னும் வரவில்லை என்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் கலந்து மருந்தைக் கழுவிவிட்டு, துவட்டிப் போர்த்தி, உடனே கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். நடுக்கம் தொடங்கிவிட்டிருந்தால் குளிப்பாட்டிக்கொண்டு நிற்காமல் நேரே தூக்கிக்கொண்டு போங்கள். பார்ப்போம், தானாகச் சரியாகும் என்று மட்டும் காத்திருக்காதீர்கள்.

பூனைக்கென்றே தனியாக மருந்து இருக்கிறது, எடை பார்த்துத்தான் கொடுப்பார்கள். அதை வாங்குங்கள்.

கார்மேகம்:

மேலே சொன்னது அத்தனையும் சரி. ஷாம்பூ போட்டும் ஏன் திரும்பி வருகிறது என்பதை நான் சொல்கிறேன், ஏனென்றால் அது புரியாமல் எவ்வளவு செலவு செய்தாலும் வீண்.

நாய்மேல் நீங்கள் பார்ப்பது வளர்ந்த தெள்ளு மட்டும். (நாய்மேல் இருப்பதும் பெரும்பாலும் பூனைத்தெள்ளு என்ற வகைதான், அதனால் நாய்க்கு வந்தால் பூனைக்கும் வந்திருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.) ஒரு பெண் தெள்ளு நாளொன்றுக்கு 40, 50 முட்டைவரை இடும். முட்டை முடியில் ஒட்டாது, வழுவழுவென்று உருண்டு நாய் படுக்கிற இடமெல்லாம் கொட்டும். அதிலிருந்து வரும் புழு வெளிச்சம் பிடிக்காமல் கம்பள விரிப்பின் அடிக்கும், சோபா இடுக்குக்கும், தரைப் பிளவுக்கும் போய்விடும். பெரிய தெள்ளு கழித்த காய்ந்த ரத்தத்தைத் தின்று வளர்ந்து, பிறகு கூடு கட்டும். இந்தக் கூடுதான் உண்மையான தலைவலி. அதன்மேல் தூசி ஒட்டிக்கொள்வதால் கண்ணுக்குத் தெரியாது, ஸ்ப்ரே உள்ளே போகாது, உள்ளே இருக்கும் தெள்ளு மாதக்கணக்கில் சும்மா காத்திருக்கும். யாராவது நடக்கும் அதிர்வு, உடம்புச் சூடு, மூச்சுக்காற்று இவை பட்டதும் வெளியே குதிக்கும். பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து உள்ளே போனவுடன் கால் முழுக்கக் கடி வாங்குவது இதனால்தான்.

ஷாம்பூ அன்றைக்கு நாய்மேல் இருந்ததைக் கொன்றது, வீட்டில் இருந்தது அடுத்த நாள் ஏறிக்கொண்டது, அவ்வளவுதான் விஷயம். அதனால் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பிடிக்க வேண்டும். நாய்க்கும் பெரிய பூனைக்கும் அவரவர்க்கு உரிய மருந்து ஒரே நாளில், பிறகு தவணை தவறாமல் குறைந்தது மூன்று மாதம். ஒரு மாதத்தில் தெள்ளைக் காணோம் என்று நிறுத்தியவர்கள்தான் திரும்ப முதலிலிருந்து தொடங்குகிறார்கள், நானும் நிறுத்தியிருக்கிறேன்.

வீட்டுக்கு உங்கள் நிலைமையில் பெரிய ஆயுதம் வாக்யூம் கிளீனர்தான். குழந்தை தவழ்வதால் நான் ஸ்ப்ரேயை விட இதைத்தான் முதலில் சொல்வேன். முதல் இரண்டு வாரம் தினமும், சோபா மெத்தைக்கு அடியில், கட்டிலுக்கு அடியில், சுவரோரம். முட்டையும் புழுவும் கொஞ்சம் போகும், அதைவிட முக்கியம், அந்த அதிர்வில் கூட்டிலிருந்து தெள்ளு வெளியே வரும், வந்தது மருந்து போட்ட நாய்மேல் ஏறிச் சாகும். முடிந்ததும் பையை உடனே வீட்டுக்கு வெளியே கொண்டுபோய்க் கட்டிப் போடுங்கள். நாய், பூனை படுக்கும் துணிகளை வாரம் ஒரு முறை 60 டிகிரி சூட்டில் துவைத்து நன்றாகக் காயவையுங்கள். மருந்து போட்ட முதல் சில வாரம் தெள்ளு கூடுவதுபோலக்கூடத் தெரியும். பயப்படாதீர்கள், பழைய கூடுகள் உடைகின்றன என்று அர்த்தம்.

ஒரு சின்னச் சோதனை: முடியைச் சீவும்போது விழும் கறுப்புத் துகளை ஈரமான வெள்ளைக் காகிதத்தில் வையுங்கள். செம்பழுப்பாகக் கரைந்தால் அது தெள்ளின் எச்சம், கரையாவிட்டால் வெறும் மண். அப்புறம் நாயின் மலத்திலோ ஆசனவாய்ப் பக்கத்திலோ அரிசிமணிபோல ஏதாவது தெரிகிறதா பாருங்கள். தெள்ளை விழுங்கினால் நாடாப்புழு வரும், அதற்குத் தனியாகப் புழுமருந்து தேவை.

செம்மண்பாதை:

உண்ணிக்கு நான் சொல்கிறேன், என் நாய் உண்ணிக் காய்ச்சலில் சாகப் பிழைத்தது.

சுவரில் ஏறியது அநேகமாகப் பழுப்பு நாய் உண்ணி. மற்ற பல உண்ணிகள் புல்லிலும் புதரிலும்தான் வாழும், இது வீட்டுக்குள்ளேயே குடும்பம் நடத்தும். ரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணி நாயைவிட்டு இறங்கி, சுவரில் ஏறி, விரிசலிலோ சட்டத்துக்குப் பின்னாலோ ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுவிட்டுச் சாகும். அதனால் தரையை மட்டும் சுத்தம் செய்து பயனில்லை. கதவுச் சட்டம், திரைச்சீலை மடிப்பு, நாய் படுக்கும் மூலையின் சுவர் இடுக்கு எல்லாம் பாருங்கள், விரிசலை அடைத்துவிடுங்கள்.

காதில் இருப்பதை எடுக்க மெல்லிய நுனி உள்ள இடுக்கி போதும். தோலோடு ஒட்டி, தலைப்பக்கம் பிடித்து, திருகாமல் வெடுக்கென்று பிடுங்காமல் ஒரே சீராக நேராக இழுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றுவது, நெருப்பால் சுடுவது, வாசலின் தடவுவது எல்லாம் வேண்டாம், தொந்தரவு செய்தால் உண்ணி உள்ளே இருப்பதைக் கடிவாய் வழியாகவே கக்கும். விரலால் நசுக்கவும் கூடாது. ஆல்கஹாலில் போட்டுவிட்டு, கடிவாயையும் உங்கள் கையையும் கழுவுங்கள்.

அடுத்த மூன்று வாரம் நாயைக் கவனியுங்கள். காய்ச்சல், சாப்பாடு வேண்டாமை, சோர்வு, ஈறு வெளுப்பு, மூக்கில் ரத்தம், அடர் நிறத்தில் சிறுநீர், இவற்றில் ஒன்று தெரிந்தாலும் ரத்தப் பரிசோதனை. எர்லிக்கியா, பேபீசியா என்ற இரண்டு ரத்த நோய்க்கிருமிகளையும் உண்ணி பரப்பும், சீக்கிரம் பிடித்தால் மருந்து உண்டு. நான் வெயில் அசதி என்று நினைத்து ஐந்து நாள் விட்டுவிட்டேன், இன்றும் அது உறுத்துகிறது.

மருத்துவரிடம் மாத்திரை பற்றியும் கேளுங்கள். ஃப்ளூரலானர், அஃபாக்ஸோலானர் வகை மாத்திரைகள் தெள்ளு, உண்ணி இரண்டுக்கும் வேலை செய்யும், தோலில் எதுவும் ஒட்டாது என்பதால் தவழும் குழந்தையும் பூனையும் இருக்கும் வீட்டுக்கு எனக்குத் தெரிந்து வசதி. நாய்க்கு முன்பு வலிப்பு வந்திருந்தால் அதை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

நிலாமுற்றம்:

மிக்க நன்றி, கை நடுங்குகிறது. லேபிளைப் பார்த்தேன், பெர்மெத்ரின்தான். நேற்றிரவே விட்டிருப்பேன். டியூபைப் பூனை தொட முடியாத பெட்டியில் பூட்டிவிட்டேன். நாளைக்கு மூன்றையும் மருத்துவரிடம் கொண்டுபோகிறேன். இரண்டு சந்தேகம் மட்டும்: குட்டிப்பூனைமேலும் தெள்ளு ஓடுகிறது, அதற்கு இன்றைக்கு என்ன செய்ய? பூண்டு, டீ ட்ரீ எண்ணெய் இயற்கைதானே, அது பரவாயில்லையா? மீன்தொட்டியும் இருக்கிறது, ஸ்ப்ரே தேவைப்பட்டால் அதை என்ன செய்வது?

சாம்பல்பூனை:

நல்லவேளை கேட்டீர்கள். குட்டிக்கு இன்றைக்குத் தெள்ளுச்சீப்பு மட்டும். பல்லிடுக்கு நெருக்கமான அந்தச் சீப்பால் கழுத்து, வாலடி, வயிறு என்று சீவி, ஒவ்வொரு முறையும் சோப்புத் தண்ணீரில் முக்குங்கள். தினமும் இரண்டு முறை. பெரும்பாலான மருந்துகள் 8 வாரத்துக்குக் கீழே கூடாது. சில இன்னும் சின்ன வயதிலேயே கொடுக்கலாம், ஆனால் எடைபோட்டு மருத்துவர் சொல்லட்டும். ஈறைப் பாருங்கள், வெளுத்திருந்தால் நாளை வரை வைக்காமல் இன்றே போங்கள். இந்த அளவுக் குட்டி தெள்ளு குடிக்கும் ரத்தத்தாலேயே செத்துப்போகும்.

பூண்டு நாய், பூனை இரண்டின் ரத்தச் சிவப்பணுக்களையும் உடைக்கும். டீ ட்ரீ எண்ணெய் தோல் வழியாகவே உள்ளே போய் நடுக்கம், தள்ளாட்டம் வரவைக்கும். இரண்டையும் கிட்டேயே கொண்டுவராதீர்கள்.

ஸ்ப்ரே அடித்தே ஆகவேண்டும் என்றால் மெத்தோபிரீன் அல்லது பைரிப்ராக்சிஃபென் உள்ளதாகப் பாருங்கள், முட்டையும் புழுவும் வளராமல் தடுக்கும். கூடவே பெர்மெத்ரினோ அதன் இனத்து மருந்தோ கலந்திருக்கிறதா என்றும் படியுங்கள், ஈரமாக இருக்கும்போது அது பூனைக்கு ஆகாது, மீனுக்கோ கொஞ்சம் கலந்தாலே உயிர் போகும். முடிந்தால் மீன்தொட்டியை அந்த அறையிலிருந்து மாற்றுங்கள், முடியாவிட்டால் காற்று பம்பை நிறுத்திவிட்டு நன்றாக மூடி ஓரம் ஒட்டுங்கள், நீண்ட நேரம் நிறுத்திவைக்கவும் முடியாது. குழந்தையும் பிராணிகளும் வெளியே, முழுதும் காய்ந்து காற்றோட்டம் வந்த பிறகுதான் உள்ளே. பொம்மை, பால்புட்டி, தண்ணீர்க் கிண்ணம் எல்லாவற்றையும் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். நாளைக்கு மருத்துவர் குட்டியைப் பற்றி என்ன சொன்னார் என்று வந்து எழுதுங்கள், நான் பார்த்துக்கொண்டே இருப்பேன்.