நீண்ட இறக்கத்தில் பின் பிரேக் போய்விட்டது, கபிலெய்ராவில் நிற்கிறேன்: உதவி தேவை

மாலகா_மிதிவண்டி | புதன் இரவு

வணக்கம். தென் ஸ்பெயினில் அல்புஹாரா மலைக் கிராமங்களை மவுண்டன் பைக்கில் சுற்றிப் பார்க்க வந்திருக்கிறேன். தனியாகத்தான். இப்போது கபிலெய்ராவில் ஓர் அறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பின் பிரேக்கை நம்பி இனி இறங்கலாமா, கூடாதா என்று தெரியவில்லை. எது முக்கியம் என்று எனக்குப் புரியாததால் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

திங்கட்கிழமை லன்ஹரோனில் கிளம்பினேன். ஓர்ஹிவாவுக்குப் பக்கத்தில் பின் டயர் முள் குத்திப் பஞ்சர். வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து ட்யூப் மாற்றினேன். மறுநாள் பம்பனெய்ரா, புபியோன் வழியாக ஏறி இங்கே வந்து சேர்ந்தேன். இன்று காலை பைகளோடு ஹோயா தெல் போர்த்தியோ வரை காட்டுப் பாதையில் ஏறினேன். ஊர் சுமார் 1,436 மீட்டர் உயரம். மேலே வாகனங்களைத் தடுக்கும் அந்தக் கதவு ஏறக்குறைய 2,150 மீட்டர்.

ஏறுவதில் ஒரு சிக்கலும் இல்லை. இறங்கும்போதுதான். சரளைக்கல்லில் சறுக்கிவிடும் என்று முன் பிரேக்கைத் தொடவே பயம். பின் பிரேக்கை லேசாகப் பிடித்தபடியே வந்தேன். பாதி வழியில் கருகிய வாடை. அப்புறம் ஒரு கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் அழுத்தினால் லீவர் நேராகக் கைப்பிடியைத் தொட்டது, வண்டி நிற்கவில்லை. முன் பிரேக்கைப் பிடித்து, காலைத் தேய்த்து, ஒரு பைன் மரத்தடியில் எப்படியோ நிறுத்தினேன். கை நடுக்கம் அடங்கவே அரை மணி நேரம் ஆயிற்று. அதற்குள் லீவர் ஓரளவு திரும்பியிருந்தது. ஆனாலும் ஏறவில்லை, மீதி வழி முழுக்கத் தள்ளிக்கொண்டே வந்தேன்.

இப்போது ஆறு மணி நேரம் ஆகிவிட்டது. லீவர் பஞ்சு மாதிரி அமுங்குகிறது. நாலைந்து தடவை வேகமாக அழுத்தினால் கெட்டியாகிறது, விட்டால் மறுபடி பஞ்சு. சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பிடித்தால் ஆலைச் சங்கு போல அலறுகிறது.

பழையதாக வாங்கிய ஹார்ட்டெயில் வண்டி (முன்னால் மட்டும் சஸ்பென்ஷன்), எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக், பின்னால் 160 மி.மீ. டிஸ்க் (சக்கரத்தோடு சுற்றும் உலோகத் தகடு). நான் 82 கிலோ, பைகள் 9, வண்டி 14. ஞாயிறு வரை நேரம் இருக்கிறது. இதே மலையில் இருக்கும் ட்ரெவெலெஸ் கிராமத்துக்குப் போகாமல் திரும்ப மனமில்லை. கடை கண்ணி உள்ள ஊர் என்றால் ஓர்ஹிவா; அது இங்கிருந்து கிட்டத்தட்ட 1,000 மீட்டர் கீழே. பிரேக்கைச் சரிசெய்ய, இந்தப் பிரேக்கோடே அவ்வளவு இறக்கம் இறங்க வேண்டியிருக்கிறது.

எண்ணெய்க்கை | புதன் இரவு

நல்ல வேளை, தள்ளிக்கொண்டு வந்தீர்கள். சரியாகும் வரை அந்த வண்டியில் ஏறாதீர்கள். இந்த வளைவுகளுக்கு வெளியே நிலம் இல்லை, பள்ளத்தாக்குதான்.

சூட்டில் பிரேக் போவது இரண்டு விதம். லீவர் கெட்டியாக இருக்கும், ஆனால் வண்டி நிற்காது: அது பேட் (டிஸ்க்கை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் கட்டை) சூடேறிப் பிடிப்பை இழப்பது. லீவரே தொளதொளவென்று கைப்பிடிக்கு வந்துவிடும்: அது உள்ளே இருக்கும் எண்ணெய்ப் பாதையில் ஆவியோ காற்றோ சேர்வது. எண்ணெய் அழுத்தத்தில் சுருங்காது, ஆவி சுருங்கும். நீங்கள் தரும் அழுத்தமெல்லாம் அந்தக் குமிழியைச் சுருக்குவதிலேயே போய்விடும். உங்களுக்கு நடந்தது இரண்டாவது வகை.

ஒரு கணக்கு சொல்கிறேன். நீங்களும் வண்டியும் பைகளும் 105 கிலோ, 700 மீட்டர் இறக்கம். அந்த ஆற்றல் முழுக்க வெப்பமானால் இரண்டு லிட்டர் தண்ணீரை அடுப்பில் வைத்துக் கொதி வரச்செய்யப் போதும். காற்றும் டயரும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மீதியை உள்ளங்கையளவு தகடு ஒன்று, அதுவும் இடைவெளியே இல்லாமல், வாங்கியிருக்கிறது.

ஆனால் ஆவி மட்டும் என்றால் ஆறிய பிறகு லீவர் பழையபடி ஆகியிருக்க வேண்டும். ஆகவில்லை என்பதால் வேறு ஏதோ இருக்கிறது. நாளை வெளிச்சத்தில் பார்த்துச் சொல்லுங்கள்: லீவர் மூடியில் எந்த எண்ணெய் என்று எழுதியிருக்கிறது? பேட்டில் தகட்டை விட்டுவிட்டு, தேயும் பகுதி மட்டும் எவ்வளவு தடிப்பு? டிஸ்க் நிறம் மாறியிருக்கிறதா, அதில் ஏதாவது எழுத்து பொறித்திருக்கிறதா? அப்புறம், சமீபத்தில் சங்கிலிக்கு எண்ணெய் போட்டீர்களா, எப்படிப் போட்டீர்கள்?

சாலைப்புழுதி | வியாழன் காலை

இவ்வளவு யோசிக்க வேண்டாம் சகோ. பேருந்து பிடித்துக் கீழே போய், பெட்ரோல் நிலையத்தில் டாட் 4 பிரேக் எண்ணெய் ஒரு புட்டி வாங்கி ஊற்றிப் பாருங்கள். என் மோட்டார் சைக்கிளில் அப்படித்தான் செய்தேன், சரியாகிவிட்டது.

எண்ணெய்க்கை | வியாழன் காலை

சாலைப்புழுதி, உங்கள் மோட்டார் சைக்கிளுக்கு அது சரி. இவருடைய பிரேக் மினரல் ஆயில் வகையாக இருந்தால், டாட் எண்ணெய் பட்டதும் உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்கள் ஊதிக் கெட்டுப்போகும். லீவரும், சக்கரத்துப் பக்கம் பேட்டையும் அதைத் தள்ளும் பிஸ்டன்களையும் தாங்கும் கேலிப்பரும் இரண்டுமே குப்பைக்குத்தான். மூடியைப் படிக்காமல் யாரும் எதையும் ஊற்ற வேண்டாம்.

மாலகா_மிதிவண்டி | வியாழன் மதியம்

பார்த்துவிட்டேன். மூடியில் மினரல் ஆயில் மட்டும் என்று இருக்கிறது. பேட் தடிப்பைச் சொல்லவே சங்கடமாக இருக்கிறது: ஒரு பக்கம் தபால் அட்டை அளவுகூட இல்லை. டிஸ்க்கில் நீலமும் மஞ்சளுமாகத் திட்டுகள். அதில் ‘ரெசின் பேட் ஒன்லி’ என்று பொறித்திருக்கிறது. சங்கிலிக்கு செவ்வாய் இரவு ஸ்ப்ரே எண்ணெய் அடித்தேன், பின்சக்கரப் பல்சக்கரங்கள் மேலேயும் சேர்த்து.

எண்ணெய்க்கை | வியாழன் மதியம்

அப்படியானால் மூன்று காரணங்கள் ஒன்றுமேல் ஒன்று ஏறியிருக்கின்றன.

பேட் தேயத் தேய பிஸ்டன்கள் வெளியே வரும். அந்த இடத்தை நிரப்ப லீவரிலிருக்கும் சிறு தொட்டியின் எண்ணெய் இறங்கும். உங்கள் பேட் முழுக்கத் தேய்ந்ததால் தொட்டி கிட்டத்தட்டக் காலியாக இருந்திருக்கும். அந்த நிலையில் பஞ்சருக்காக வண்டியைக் கவிழ்த்தீர்கள். தொட்டியில் இருந்த காற்று குழாய்க்குள் போய்விட்டது. நாலைந்து தடவை அழுத்தினால் கெட்டியாவது இந்தக் காற்றின் அடையாளம். அடுத்தது, மெலிந்த பேட் சூட்டைத் தடுக்காது, நேராக எண்ணெய்க்குள் கடத்தும். அலறலுக்குக் காரணம் ஸ்ப்ரே. பின்சக்கரத்தில் பல்சக்கரமும் டிஸ்க்கும் எதிரெதிர்ப் பக்கம்தான். ஆனாலும் தூறல் ஆரங்களுக்கு நடுவே புகுந்து டிஸ்க்கில் படியும். இனிமேல் சொட்டுச் சொட்டாக விடும் புட்டிதான்.

எண்ணெய் குடித்த பேட்டை அடுப்பில் வாட்டினால் சரியாகும் என்று சிலர் சொல்வார்கள். இந்த மலையில் அந்தச் சோதனை வேண்டாம், புதிதாக மாற்றுங்கள். ரெசின் பேட்தான், அதாவது உலோகத் தூள் பேட் அல்லாத பிசின் வகைதான், வாங்க வேண்டும். உலோகப் பேட் சூட்டை நன்றாகத் தாங்கும் என்பது உண்மை, ஆனால் உங்கள் டிஸ்க் அதற்கான கடினத் தகடு இல்லை, சீக்கிரம் அரைபட்டுவிடும். டிஸ்க்கின் தடிப்பு 1.5 மி.மீ.க்குக் குறையாமல் இருந்தால் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் போட்டுத் துடைத்து இப்போதைக்கு ஓட்டலாம். ஊர் திரும்பியதும் 180 மி.மீ. டிஸ்க், அதற்கான அடாப்டர் இரண்டையும் போடுங்கள், உங்கள் சட்டகம் அனுமதித்தால்.

வாய்க்கால்கரை | வியாழன் மாலை

தம்பி, நான் கிரனாடாவில் இருக்கிறேன். சனிக்கிழமை எப்படியும் பம்பனெய்ரா பக்கம் வருவதாக இருந்தேன், கபிலெய்ராவுக்கே வந்துவிடுகிறேன். பேட்டின் வடிவத்தைப் படம் பிடித்து அனுப்புங்கள், இங்கே வாங்கிக்கொள்கிறேன். மினரல் ஆயில், புனல், ஊசிக்குழாய் என்னிடமே இருக்கின்றன. ஐசோப்ரொப்பைல் ‘ஃபெரெத்தெரியா’ என்று பலகை போட்ட இரும்புக்கடைகளில் கிடைக்கும். மருந்துக்கடையில் தரும் 96 டிகிரி ஆல்கஹால் வேண்டாம், அதில் வேறு பொருள்களும் கலந்திருக்கும். மதியம் இரண்டிலிருந்து ஐந்து வரை கடை பூட்டியிருக்கும்.

அதுவரை அறையிலேயே உட்கார்ந்திருக்காதீர்கள். நடந்து பாருங்கள். உண்மையில் போகெய்ரா பள்ளத்தாக்கின் பம்பனெய்ரா, புபியோன், கபிலெய்ரா ஆகிய இந்த மூன்று ஊர்களின் உள்தெருக்கள் சைக்கிளுக்கானவை அல்ல. பம்பனெய்ராவில் தெருவின் நடுவிலேயே சிறு வாய்க்கால் ஓடும், படிகள் வழுக்கும், பாட்டிமார் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். அங்கெல்லாம் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதுதான் மரியாதை. தெருவின் மேலே வீடு நீண்டு கூரையாக நிற்கும் இடத்துக்கு ‘தினாவோ’ என்று பெயர். அதன் அடியில் நின்று அண்ணாந்து பாருங்கள்: மர உத்தரம், அதன்மேல் பலகைக்கல், அதற்கும் மேலே ‘லௌனா’ என்கிற சாம்பல் நிறக் களிமண். இந்தத் தட்டைக் கூரைகளின் உறவுக்காரர்கள் கடலுக்கு அப்பால் மொரோக்கோவின் அட்லஸ் மலைக் கிராமங்களில் இருக்கிறார்கள்.

இங்கே இருந்த மொரிஸ்கோ மக்கள் (கிறிஸ்தவத்துக்கு மாற்றப்பட்ட முஸ்லிம்கள்) 1568இல் கிளர்ச்சி செய்தார்கள். அரபு மொழியையும் உடையையும் பழக்கங்களையும் தடை செய்த அரச ஆணைதான் காரணம். போர் 1571 வரை நீண்டது, தோற்றவர்களை ஊரைவிட்டே பெயர்த்து அனுப்பினார்கள். வடக்கிலிருந்து வந்து குடியேறியவர்கள் அவர்கள் வெட்டிய வாய்க்கால்களைத்தான் கையில் எடுத்துக்கொண்டார்கள். ‘அசேகியா’ என்ற பெயரே அரபுச் சொல். பனி உருகிய நீரை மலை உச்சியிலிருந்து சரிவோரமாகவே கொண்டுவந்து இன்றும் வயலுக்குப் பாய்ச்சுகிறார்கள். எனக்கு இந்த மலையில் கோட்டையையோ தேவாலயத்தையோவிட அந்த வாய்க்கால்கள்தான் பெரிய பொக்கிஷம். ஆகையால் ஒரு வேண்டுகோள்: வாய்க்கால் கரை சமதளமாக, ஓட்ட ஆசையாக இருக்கும். ஓட்டாதீர்கள். கரை மண் சரிந்தால் கீழே ஒரு வயலுக்குத் தண்ணீர் நின்றுவிடும். சியெரா நெவாடா தேசியப் பூங்காவுக்குள் எந்தப் பாதையில் சைக்கிள் போகலாம் என்பதைப் பம்பனெய்ரா தகவல் மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் டயரைக் குத்தியது என்ன முள் தெரியுமா? இங்கே ‘அப்ரோஹோ’ என்பார்கள். நம் ஊர் நெருஞ்சிமுள்ளேதான், அதே செடி. ஓர்ஹிவா போன்ற தாழ்வான, வறண்ட இடங்களில் பாதையோரம் படர்ந்திருக்கும், மேலே ஏறினால் தொல்லை குறையும். ட்யூபுக்குள் ஓட்டையைத் தானாக அடைக்கும் சீலண்ட் திரவம் ஊற்றிவிட்டால் நெருஞ்சிக்கு அது போதும். பஞ்சர் ஒட்டும்போது வண்டியைக் கவிழ்க்காமல் பக்கவாட்டில் சாய்த்து வையுங்கள்.

மாலகா_மிதிவண்டி | ஞாயிறு இரவு

வாய்க்கால்கரை அக்கா சொன்னபடி சனி காலை வந்துவிட்டார். அவர் இல்லாவிட்டால் வண்டியைப் பேருந்தின் அடிப்பெட்டியில் போட்டுக்கொண்டு மாலகாவுக்குத் திரும்பியிருப்பேன். செய்ததை எழுதுகிறேன், பின்னால் தேடி வருபவர்களுக்கு உதவும்.

பழைய பேட்டைக் கழற்றி, பிஸ்டன்களைத் துடைத்து, டயர் லீவரால் மெதுவாக உள்ளே தள்ளினோம். தள்ளும்போதே குழாய்க்குள் குமிழி நகர்வது லீவரில் தெரிந்தது. லீவரைத் தரைக்கு இணையாகத் திருப்பி, மூடித் திருகைக் கழற்றி, புனலைப் பொருத்தி எண்ணெய் ஊற்றினோம். கேலிப்பரின் அடியிலிருந்து ஊசிக்குழாயால் புது எண்ணெயை மேலே தள்ளியபோது முதலில் வந்தது கறுத்த எண்ணெய். அப்புறம் மிளகு அளவில் குமிழிகள், ஒரு பெரிய குமிழியும். குழாயைத் தட்டித் தட்டி, வண்டியை முன்னும் பின்னும் சாய்த்து, லீவரை மெல்ல அழுத்தினால் இன்னும் வந்துகொண்டே இருந்தன. முக்கால் மணி நேரம் ஆயிற்று. பேட் இல்லாத கேலிப்பரில் அக்கா ஒரு பிளாஸ்டிக் கட்டையைச் செருகி வைத்திருந்தார். அது இல்லாமல் லீவரை அழுத்தினால் பிஸ்டன் வெளியே வந்துவிடுமாம்.

டிஸ்க்கைத் துடைத்துப் புதுப் பேட் போட்டதும் ஓட்டிவிட நினைத்தேன். புதுப் பேட்டை முதலில் டிஸ்க்கோடு பழக்க வேண்டும் என்று அக்கா விடவில்லை. ஊருக்கு மேலே சாலையில், ஓரளவு வேகம் பிடித்து, பின் பிரேக்கை மட்டும் அழுத்தி நடக்கும் வேகத்துக்குக் கொண்டுவருவது, முழுக்க நிறுத்தாமல் விடுவது. இதை 20 தடவை செய்தேன். முதல் ஐந்து தடவை ஒன்றுமே பிடிக்கவில்லை, பயந்துபோனேன். பத்தாவதிலிருந்து கடித்துப் பிடிக்க ஆரம்பித்தது.

இன்று பைகளை அறையில் விட்டுவிட்டு பித்ரெஸ், போர்த்துகோஸ், புஸ்கிஸ்தார் வழியாக ட்ரெவெலெஸ் போய் வந்தேன். இறக்கங்களில் பிடித்துக்கொண்டே வராமல், வளைவுக்கு முன் இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தி, வளைந்ததும் முழுக்க விட்டுவிட்டேன். நேர்ப்பாதையில் டிஸ்க்குக்குக் காற்று கிடைத்தது. அலறல் இல்லை, வாடை இல்லை, லீவர் காலையில் நின்ற இடத்திலேயே மாலையிலும் நின்றது. போர்த்துகோஸ் ஃபுவென்தே ஆக்ரியாவில் இரும்புச் சுவை ஊறிய அந்தத் தண்ணீரைக் குடித்தேன். நாக்கைச் சுருட்டியது, ஆனால் புட்டியிலும் நிரப்பிக்கொண்டேன். ட்ரெவெலெஸ் மேல், நடு, கீழ் என்று மூன்று தெருக்கூட்டங்களாகச் சரிவில் அடுக்கியிருக்கிறது. கீழ்ப் பகுதியில் கடைக்குக் கடை பன்றித் தொடைகள் தொங்குகின்றன, மேல் பகுதியில் தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான்.

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. முன் பேட் இன்னும் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேலே இருக்கிறது. நாளை ஓர்ஹிவா வரை பைகளோடு இறங்குகிறேன். அதையும் மாற்றிவிடவா?

எண்ணெய்க்கை | ஞாயிறு இரவு

0.5 மி.மீ. வரை போகலாம் என்பார்கள். ஆனால் இனி முன் பிரேக்கையும் சரியாகப் பயன்படுத்தப் போகிறீர்கள், சுமையும் இருக்கிறது. அக்காவிடம் இன்னொரு ஜோடி இருந்தால் இன்றே மாற்றி, காலையில் அதற்கும் 20 தடவை பழக்கிவிட்டுக் கிளம்புங்கள். இல்லையென்றால் பம்பனெய்ராவில் ஒரு முறை நிறுத்தி, டிஸ்க்கைத் தொடாமல், பேட்டை மட்டும் குனிந்து பார்த்துவிட்டு இறங்குங்கள்.

வாய்க்கால்கரை | ஞாயிறு இரவு

இன்னொரு ஜோடி இருக்கிறது. காலை எட்டு மணிக்குப் பேருந்து நிறுத்தத்துக்கு வாருங்கள் தம்பி.