பிரித்துப் புதுப்பித்த டாடா 206 பிக்கப்: கீழக்கரைக்குக் கொண்டுவரலாமா?

கீழக்கரையான்
1993 மாடல் டாடாமொபைல் 206 ஒன்று கோவையில் விலைக்கு வந்திருக்கிறது. கடைசி ஆணி வரை பிரித்துப் புதுப்பித்த வண்டி என்கிறார் விற்பவர். நாலேகால் லட்சம் கேட்கிறார். ஆர்.சி. புத்தகம் சொந்த உபயோகம் என்றே இருக்கிறது. வாப்பா மீன் வியாபாரம் செய்த காலத்தில் இதே வண்டிதான் எங்கள் வாசலில் நின்றது. ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து பள்ளிக்கூடம் போயிருக்கிறேன். தொட்டி உளுத்துக் கடைசியில் காயலான்கடைக்குப் போனது. எனக்கு லோடு அடிக்க வேண்டாம், ஆசைக்கு ஒரு வண்டி, அவ்வளவுதான். வீட்டிலிருந்து கடல் 300 மீட்டர். வாங்கலாமா?

மண்டபம் டிங்கர்
வேண்டாம் தம்பி. வண்டியைக் குறை சொல்லவில்லை, "புதுப்பித்தது" என்ற வார்த்தையைத்தான் நம்பாதே என்கிறேன். பெயிண்ட் பளபளக்கிற பழைய வண்டியில், பள்ளத்தையும் ஓட்டையையும் மூட அப்பிய பட்டிப் பசை எத்தனை கிலோ என்பது அடித்தவனுக்கு மட்டும்தான் தெரியும். கோவையில் அது பத்து வருஷம் தாங்கும். நம் ஊரில் இரண்டு வாடைக்காலம் போனால் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும். உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். வெயிலில் நிறுத்தினாலும் மடிப்புகளுக்குள் தகடு காயாது. கதவின் அடிவிளிம்பு, சக்கர வளைவு, கேபின் தரைக்கு அடியில் இருக்கிற மூடிய தகட்டுக் குழல் எல்லாம் உள்ளிருந்துதான் அரிக்கும். வெளியே தெரியும்போது தகடு பாதி போயிருக்கும்.

என் யோசனை: பெயிண்ட் தொடாத, ஓடுகிற, அசிங்கமான வண்டியை ஒன்றரை லட்சத்துக்கு வாங்கு. துரு எங்கே என்று கண்ணால் பார்த்துவிட்டு வேலையை ஆரம்பிக்கலாம்.

பாம்பன் காத்து
அண்ணே சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது. நடைமுறை வேறு. 2014-ல் அப்படித்தான் "அசிங்கமான" ஜீப் ஒன்றை வாங்கினேன். பிரித்தாயிற்று. டிங்கர் வேறு வேலைக்குப் போய்விட்டார். இன்ஜின் ஒரு கடையில், கதவுகள் என் மச்சான் வீட்டு மாடியில். ஐந்து வருஷம் பனைமரத்தடியில் கிடந்து, முதலில் இருந்ததைவிட அதிகமாகத் துருப்பிடித்தது. வாங்கிய விலையைப் போல மூன்று மடங்கு செலவு. முடித்த வண்டியை வாங்குபவன் அடுத்தவன் பொறுமைக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறான், அதில் தப்பில்லை.

உதிரி பாகத்துக்கும் பயம் வேண்டாம். 206 வந்தது 1988-ல், நம் பாம்பன் சாலைப் பாலம் திறந்த அதே வருஷம். அந்த அடித்தளத்தை வைத்துத்தான் பிறகு சியரா, எஸ்டேட், சுமோ எல்லாம் வந்தன. தேடினால் கிடைக்கும்.

மண்டபம் டிங்கர்
வேறு வேலைக்குப் போன டிங்கர் நான் இல்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

தொண்டி கருவாடு
நாலேகால் லட்சத்துக்கு இரண்டாம் கை பொலேரோ பிக்கப் வரும். ஏசி போட்டுக்கொண்டு போகலாம். ஆசைக்கு வண்டி என்றால் அலமாரியில் வைக்கிற பொம்மை வண்டி போதாதா?

கீழக்கரையான்
போதாது காக்கா.

பரமக்குடி ஆர்.சி. புக்
காகித வேலையை யாரும் பேசவில்லையே. 20 வருஷம் தாண்டிய கார், ஜீப் வகை சொந்த வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்க 2025 ஆகஸ்ட் அறிவிப்பின்படி 10,000 ரூபாய், வரி தனி. புதுப்பித்தால் ஐந்து வருஷத்துக்குச் செல்லும். எனவே பதிவு எந்தத் தேதி வரை இருக்கிறது என்று முதலில் பாருங்கள். சேஸிஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், பொறித்த நம்பரைக் கையால் தடவிப் படியுங்கள். துருவில் எழுத்து அழிந்திருந்தாலோ, வெல்டிங் செய்து திரும்பப் பொறித்த மாதிரி இருந்தாலோ அங்கேயே திரும்பி வந்துவிடுங்கள். இன்ஜின் மாற்றியிருந்தால் அது ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும். இன்சூரன்ஸில் ஐந்து வருஷம் தாண்டிய வண்டியின் மதிப்பு, கம்பெனியும் நாமும் பேசி முடிவு செய்வதுதான். பேசாமல் விட்டால் நாலு லட்ச வண்டிக்கு நாற்பதாயிரம் எழுதிவிடுவார்கள்.

பாம்பன் காத்து
பழங்கால வண்டிகளுக்கென்று இருக்கிற விண்டேஜ் பதிவு போட்டுவிட்டால் வேலை சுலபம்தானே?

பரமக்குடி ஆர்.சி. புக்
2021 விதிப்படி அதற்கு 50 வயது ஆக வேண்டும், வண்டியும் பெரிதாக மாற்றாமல் அசல் உருவத்தில் இருக்க வேண்டும். நம்பரில் VA வரும். அன்றாட ஓட்டத்துக்கு அனுமதி இல்லை. 1993 வண்டிக்கு 2043-ல் வாருங்கள், பேசலாம்.

பாம்பன் காத்து
சரி, அது என் தப்பு. ஆனால் உப்புக்காற்றைப் பூதம் மாதிரி காட்டுவதை ஒப்புக்கொள்ள மாட்டேன். 2017-ல் அரிச்சல்முனைக்குத் தார்ச்சாலை வரும் வரை தனுஷ்கோடி மணலில் தினமும் ஓடியவை பழைய ஜீப்புகளும் வேன்களும்தான். கடல் தண்ணீரிலேயே இறங்கி ஏறின. சாயங்காலம் நல்ல தண்ணீரில் அடிப்பக்கம் கழுவி, கழிவு எண்ணெய் பூசினால் வண்டி நிற்கும்.

மண்டபம் டிங்கர்
நின்றது தம்பி, வருஷா வருஷம் தரைத்தகடு மாற்றி நின்றது. மாற்றியவர்களில் நானும் ஒருவன். அப்புறம் "நல்ல தண்ணீர்" என்கிறாயே, கீழக்கரையில் போர் தண்ணீரே பாதி உப்பு. அதை அடித்துக் கழுவினால் துருவுக்குச் சோறு போட்ட மாதிரி. காவிரித் தண்ணீரில் வண்டி கழுவினால் தெருவே சண்டைக்கு வரும்.

வாங்கத்தான் போகிறாய் என்றால் இதையாவது செய். துணி சுற்றிய சின்னக் காந்தம் எடுத்துப் போ. கதவின் அடி, சக்கர வளைவு, தொட்டி ஓரம் எல்லாம் ஓட்டிப் பார். வழுக்குகிற இடம் பட்டி. சேஸிஸைச் சுத்தியலால் மெதுவாகத் தட்டு. கணீர் என்றால் இரும்பு, தொப் என்றால் நீ ஊருக்குக் கிளம்பு. அடியில் புதிதாகத் தார் மாதிரி கறுப்பு அடித்திருந்தால் இரண்டு இடத்தில் சுரண்டிக் காட்டச் சொல். துருவின் மேல் அடித்த கறுப்பு, ஈரத்தை உள்ளே பூட்டி வைக்கும்.

கீழக்கரையான்
போய் வந்தேன். இன்ஜின் அருமை, ஒரே சாவியில் எடுத்தது. சேஸிஸ் நம்பர் தெளிவு. காந்தம் இடது கதவின் அடியிலும் பின் சக்கர வளைவுகளிலும் வழுக்கியது. அடிப்பக்கம் முழுக்கப் புதுக் கறுப்பு. இரண்டு விரல் அகலம் சுரண்டிப் பார்க்கிறேன், திரும்ப அடிக்க 5,000 தருகிறேன் என்றேன். முடியவே முடியாது என்றுவிட்டார். பிரித்தபோது எடுத்த படம் போன் மாற்றியபோது போய்விட்டதாம்.

பாம்பன் காத்து
புதிதாக அடித்ததைச் சுரண்ட நானும் விட மாட்டேன். அதை வைத்து மட்டும் ஆளைச் சந்தேகப்படக் கூடாது.

மண்டபம் டிங்கர்
படமும் இல்லை, சுரண்டவும் விடவில்லை. இரண்டும் சேர்ந்தால் எனக்கு அது போதும்.

கீழக்கரையான்
எனக்கும்தான் அண்ணே. பொள்ளாச்சிப் பக்கம் ஒரு 206 தேங்காய் லோடு அடித்துக்கொண்டிருக்கிறதாம், கம்பெனி பெயிண்டோடு. ஒன்றே முக்கால் சொல்கிறார்கள். காந்தமும் சுத்தியலும் பையிலேயே இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு வேலை இருக்கிறதா?