.308 கேஸ் அடியில் பளபளக்கும் வளையம்: மறுபடி ஏற்றலாமா?

போல்ட்308:
ரெமிங்டன் 700 துப்பாக்கி, .308 வின்செஸ்டர் தோட்டா. சுட்ட கேஸ்களை (பித்தளைக் கூடுகளை) மறுபடி ஏற்றுகிறேன். ஃபுல் லெங்த் டையை (கேஸை நெருக்கிப் பழைய அளவுக்கு, அதாவது சைஸ் பண்ணும் அச்சை) ஷெல் ஹோல்டரில் (கேஸின் அடியைப் பிடிக்கும் பிடியில்) முட்டும்வரை இறக்கி, அதற்கு மேலும் கால் சுற்று திருகி இறக்கி வைத்திருக்கிறேன். சில கேஸ்களில் அடிப்பக்கம் பளபளவென்று ஒரு வளையம் தெரிகிறது. டை உரசிய தடமா, பிளவா? ரெண்டில் கழுத்தும் வெடித்திருக்கிறது. ரேஞ்சில் பொறுக்கிய ராணுவக் கேஸ்களும் இதில் கலந்திருக்கின்றன.

பழையபிரஸ்:
கண்ணை நம்பாதீங்க. பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியை 90 டிகிரிக்கு மடக்கிக் கூராக்கி, கேஸுக்குள்ளே விட்டு அடியிலிருந்து மேலே சுவரோடு இழுங்க. பள்ளத்தில் தட்டினால் உள்ளே சுவர் மெலிந்துவிட்டது, அந்தக் கேஸ் குப்பைக்கு. தட்டாவிட்டால் வெறும் டை தடம்.

காரணம் உங்க கால் சுற்றுதான். வெடிக்கும்போது மெல்லிய முன்சுவர் சேம்பரை (தோட்டா உட்காரும் அறையை) பற்றிக்கொள்ளும், தடித்த அடி பின்னால், அறையை மூடும் போல்ட்டின் முகத்துக்கு நகரும். ரெண்டும் சேருமிடம் நீளும். தோளை (கழுத்துக்குக் கீழே சரியும் பகுதியை) நீங்க எவ்வளவு பின்னுக்குத் தள்ளுறீங்களோ, அடுத்த வெடியில் அவ்வளவும் அங்கேதான் இழுபடும். எத்தனை முறை ஏற்றினோம் என்பதைவிட இந்த இழுப்புதான் கேஸைக் கொல்லுது.

சுட்ட கேஸின் அடியிலுள்ள ப்ரைமரை, அதாவது மருந்தைப் பற்றவைக்கும் குமிழைக் கழற்றிவிட்டு (துருத்தினால் அளவு பொய்யாகும்), காலிப்பரில் கம்பாரேட்டர் (அடியிலிருந்து தோள்வரை அளக்கும் துணைக்கருவி) மாட்டித் தோளை அளங்க. டையைப் பின்வாங்கிவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்க. தோள் 0.002 அங்குலம் இறங்கினால் போல்ட் துப்பாக்கிக்குப் போதும். டை மரை அங்குலத்துக்கு 14, அதாவது முழுச் சுற்றுக்கு 0.071. உங்களுக்குத் தேவையான 0.002 என்பது ஏறக்குறைய 10 டிகிரித் திருப்பம்தான்.

வெர்னியர்:
கழுத்து வெடித்ததை எறிஞ்சிடுங்க. ஒவ்வொரு முறையும் விரிந்து சுருங்கிப் பித்தளை இறுகிப்போவதால் வருவது அது. மிச்சத்தை அனீல் பண்ணலாம், அதாவது சூடாக்கி இளக்கலாம்: கழுத்துக்குள் 750 டிகிரி ஃபாரன்ஹீட்டில் உருகும் டெம்பிலாக் என்ற பூச்சைத் தடவி, கேஸைச் சுழற்றிக்கொண்டே தீ காட்டி, அது உருகினதும் எடுத்திடுங்க. கழுத்தும் தோளும் மட்டும். அடிப்பாகம் இளகினால் அழுத்தத்தைத் தாங்காது, அது ஆபத்து.

அம்மோனியா கலந்த பாலிஷ் கிட்டவே வேண்டாம். பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயத்தில் வைத்த தோட்டாக்கள் தானாக விரிசல் விட்டதற்கு, லாயத்து அம்மோனியாதான் காரணம் என்று 1921-ல் விளக்கினார்கள்.

பழையபிரஸ்:
ராணுவக் கேஸ்களைத் தனியாகப் பிரிங்க. மெஷின்கன்னின் நீளச் சேம்பரில் சுட்டதாக இருந்தால் முதல் சுற்றிலேயே நீண்டிருக்கும். டார்ச் அடித்து உள்ளே பாருங்க: நடுவில் ஒரே ஓட்டை என்றால் பாக்ஸர் வகை, மறுபடி ஏற்றலாம். ரெண்டு ஓட்டை என்றால் பெர்டன் வகை, பழைய ப்ரைமரைத் தள்ளும் டீகேப்பிங் ஊசி முறிஞ்சிடும். ப்ரைமரைச் சுற்றிக் கிரிம்ப் (நெரித்துப் பிடித்த விளிம்பு) இருந்தால், அதை அழுத்தி விலக்காமல் (ஸ்வேஜ்) புது ப்ரைமர் நேராக இறங்காது.

போல்ட்308:
டிரிம் எப்போ? சைஸ் பண்றதுக்கு முன்னாடியா?

வெர்னியர்:
பிறகு. சைஸ் பண்ணும்போதே கேஸ் நீளும். 2.015 அங்குலம் தாண்டினால் 2.005-க்கு வெட்டி, வாயின் உள்ளும் வெளியும் பிசிர் எடுங்க. நீளமாக விட்டால் கழுத்து சேம்பர் முனையில் நெரிந்து குண்டைப் பிடித்துக்கொள்ளும், அழுத்தம் எகிறும். சைஸ் பண்ணுமுன் லூப் (வழுக்கும் மசகு) தடவ மறந்தால் கேஸ் டைக்குள் சிக்கும். தோளில் அதிகம் தடவினால் நசுங்கல் விழும்.