"எ பிட் சோர்" தாத்தா

திவ்யா: ரேவதி அத்தை, ஒரு சந்தேகம். வார்டில் ஒரு தாத்தா, இடுப்பு மூட்டு மாற்றி இரண்டாம் நாள். வலி எப்படி என்று கேட்டால் "எ பிட் சோர், லவ்" (கொஞ்சம் வலிதான் கண்ணு) என்று சிரிக்கிறார். திரும்பிப் படுக்கச் சொன்னால் கட்டில் கம்பியை இறுக்கிப் பிடிக்கிறார், விரலெல்லாம் வெளுத்துப் போகிறது.

ரேவதி அத்தை: எந்த ஊர்க்காரர்?

திவ்யா: யார்க்‌ஷயர்.

ரேவதி அத்தை: சரிதான் 😄 இங்கிலாந்தில் அந்தத் தலைமுறை "நாட் டூ பேட்" (பரவாயில்லை), "மஸ்ட்ன்ட் கிரம்பிள்" (குறை சொல்லக் கூடாது) என்பதற்கு மேல் வாய் திறக்காது. பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று கேட்டாயா?

திவ்யா: கேட்டேன். "மூணு போட்டுக்கோயேன்" என்கிறார், காய்கறிக் கடையில் பேரம் பேசுகிற மாதிரி.

ரேவதி அத்தை: அது சும்மா படுத்திருக்கும்போது. இருமச் சொல்லி, திரும்பச் சொல்லி மறுபடி கேள். ராத்திரி தூங்கினாரா, மூச்சை நன்றாக இழுக்க முடிகிறதா என்றும் கேள். வலிக்குப் பயந்து இருமாமல் கிடந்தால் நெஞ்சில் சளி கட்டிவிடும்.

பாலு மாமா: இதே கதைதான் கொரியப் போரில். 1951 ஏப்ரல், இம்ஜின் ஆறு. பிரிட்டிஷ் குளோஸ்டர் படையைச் சீனர்கள் சுற்றி வளைத்துவிட்டார்கள். பிரிட்டிஷ் பிரிகேடியர் பிரோடி அமெரிக்கத் தளபதியிடம் "எ பிட் ஸ்டிக்கி" (கொஞ்சம் சிக்கல்) என்றாராம். அந்த அமெரிக்கரோ, சமாளித்துக்கொள்வார்கள் போல என்று இருந்துவிட்டார். கடைசியில் அந்தப் படையில் பெரும்பாலோர் சிறைபட்டார்கள்.

சுமதி சித்தி: தினமும் குட்மார்னிங் பூ அனுப்புகிற அண்ணனா இது!

திவ்யா: இவ்வளவு பூசி மெழுகுகிறவர்கள் ஊசி போடும்போது மட்டும் "ஷார்ப் ஸ்க்ராட்ச்" (சுருக்கென்று ஒரு கீறல்) என்கிறார்களே?

ரேவதி அத்தை: அதுவும் மெழுகல்தான். ஊசி எங்கே கீறுகிறது, குத்துகிறது. டாக்டர் "லிட்டில் டிஸ்கம்ஃபர்ட்" என்றால் பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டும்.

சுமதி சித்தி: நம் ஊர் நர்ஸ் மட்டும் என்னவாம்? எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கும் என்று சொல்லித்தானே குத்துகிறார்கள்.

திவ்யா: அத்தை, இரும வைத்துக் கேட்டேன். "வெல்... செவன், மேபி."

ரேவதி அத்தை: இரண்டு எண்ணையும் எழுது. எழுதிவிட்டு உடனே சிஸ்டரிடம் சொல், அடுத்த ரவுண்டு வரை காத்திருக்காதே.

திவ்யா: சொல்லிவிட்டேன். மருந்து எடுக்கப் போயிருக்கிறார். தாத்தா என்னிடம் ஸாரி கேட்கிறார் 🤦🏽‍♀️