பொங்கல் லீவ்ல மனசு பதறுது, சொல்லிக்க ஏதாவது மந்திரம் இருக்கா?

மாம்பலம்வாசி: பிரேக்கப்புக்கு அப்புறம் வர்ற முதல் பொங்கல், ரங்கநாதன் தெரு கூட்டத்தைப் பாத்தாலே நெஞ்சு படபடன்னு அடிக்குது, காணும் பொங்கலுக்கு வீட்ல எல்லாரும் மெரினா கூப்பிடுறாங்க எனக்கு போகவே தோணல. மனசுக்குள்ள சொல்லிக்க நீங்கல்லாம் என்ன வெச்சிருக்கீங்க?

அடையாறு அக்கா: கண்ணா, எனக்கு "சரவணபவ" தான். ஆறே எழுத்து, மூச்சை விடும்போது இழுத்து மெதுவா சொல்லு, வெளிய போற மூச்சு நீளமானா இதயத்துடிப்பு கொஞ்சம் இறங்கும்

பெரம்பூர் பையன்: சாமி பேர்தான் சொல்லணும்னு இல்ல ப்ரோ. அப்பா தவறின வருஷம் நான் "வலிக்குது, ஆனா இந்த நிமிஷத்த தாங்கிடுவேன்"னு சொல்லிப்பேன், கரும்பு நறுக்கும்போது கூட. "எல்லாம் சரியாயிடும்" மட்டும் வேணாம், மனசு நம்பாது

அடையாறு அக்கா: ஆமாம்ப்பா. தூக்கமே வரலைன்னா டெலி மானஸ்னு அரசாங்க மனநல ஹெல்ப்லைன் இருக்கு, 14416க்கு போன் பண்ணு, ஃப்ரீ தான், தமிழ்லயே பேசலாம், நடுராத்திரியும் எடுப்பாங்க.