திருமணத்துக்கு முந்தைய ஒப்பந்தம்: இருவருக்கும் ஒரே வழக்கறிஞர் போதுமா?

கேள்வி

இன்னும் ஐந்து வாரங்களில் எனக்குத் திருமணம். நான் மணக்கவிருப்பவர் தம் உடன்பிறந்தவர்களோடு சேர்ந்து ஒரு நிறுவனம் நடத்துகிறார். அதில் அவருக்குள்ள பங்கு எந்த நிலையிலும் குடும்பத்தை விட்டு வெளியே போய்விடக் கூடாது என்று அவர்கள் கருதுவதால், சொத்து குறித்த ஒப்பந்தம் ஒன்றில் திருமணத்துக்கு முன்பே கையெழுத்திடுமாறு என்னிடம் கேட்டிருக்கிறார். அவர் கேட்டதில் எனக்கு வருத்தம் இல்லை. எனக்கும் கொஞ்சம் சேமிப்பும் இன்னும் அடைத்து முடிக்காத கல்விக் கடனும் இருக்கின்றன. எது யாருடையது என்று எழுதி வைத்துக்கொள்வது இருவருக்கும் நல்லதுதான். ஆனால் நேற்று வந்த வரைவைப் படித்தபோது மூன்று இடங்களில் தயங்கி நின்றுவிட்டேன். நிறுவனப் பங்கின் மதிப்பு எங்குமே குறிப்பிடப்படவில்லை. பிரிய நேர்ந்தால் ஜீவனாம்சம் எதுவும் கோர மாட்டேன் என்று நான் ஒப்புக்கொள்வதாக ஒரு பிரிவு இருக்கிறது. பிறக்கப்போகும் குழந்தைகள் யாரிடம் வளர வேண்டும் என்பதைக்கூட இன்னொரு பிரிவு இப்போதே தீர்மானிக்கிறது. வரைவை எழுதிய அவருடைய வழக்கறிஞரே எனக்கும் விளக்கிச் சொல்வார், இன்னொருவருக்கு ஏன் வீண்செலவு என்கிறார்கள். நான் தனியாக ஒருவரை அமர்த்தினால் நம்பிக்கை இல்லாமல் செய்வதாகத் தோன்றுமா? விவரம் அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1

நான் குடும்பச் சட்ட வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர். எந்த நாட்டுச் சட்டம் உங்களுக்குப் பொருந்தும் என்று நீங்கள் சொல்லவில்லை. அதனால் பொதுவாகவே சொல்கிறேன். ஒரே வழக்கறிஞர் போதாது. வேறு எத்தனையோ விஷயங்களில் உங்கள் இருவரின் நலனும் ஒன்றாக இருக்கலாம், ஆனால் இந்த ஓர் ஆவணத்தில் அவர் காப்பாற்றிக்கொள்வதும் நீங்கள் விட்டுக்கொடுப்பதும் ஒரே பொருள்தான் என்பதால், அவருக்காக எழுதியவர் உங்களுக்கு ஆலோசனை சொல்ல இயலாது.

இரண்டு தீர்ப்புகளை அறிந்துகொள்வது நல்லது. இங்கிலாந்தில் ராட்மாக்கர் எதிர் கிரனாட்டினோ வழக்கில் 2010ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், இருவரும் தாமாக முன்வந்து விளைவுகளை முழுமையாக உணர்ந்து செய்துகொண்ட ஒப்பந்தத்துக்கு, அதை நடைமுறைப்படுத்துவது நியாயமற்றதாக இருந்தாலன்றி, நீதிமன்றங்கள் மதிப்பளிக்க வேண்டும் என்று கூறியது. அந்த வழக்கில் கணவர் தமக்கெனத் தனி ஆலோசனை பெறாதவர். ஆயினும் என்ன செய்கிறோம் என்று தெரிந்தே கையெழுத்திட்டார் என்பதால் அக்குறை அவருக்குக் கைகொடுக்கவில்லை. ஆகவே, வழக்கறிஞர் இல்லாததையே நாளை ஒரு வாதமாக வைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்தில் யாரும் கையெழுத்திட வேண்டாம்.

ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 2017இல் தீர்த்த தோர்ன் எதிர் கென்னடி வழக்கு இதற்கு மறுபக்கம். அங்கே மணப்பெண்ணுக்குத் தனி வழக்கறிஞர் இருந்தார். கையெழுத்திட வேண்டாம் என்றே அவர் எழுத்து மூலம் எச்சரித்தார். ஆனால் திருமணத்துக்குச் சில நாட்களே இருந்தன, உறவினர்கள் வெளிநாட்டிலிருந்து வந்திறங்கிவிட்டார்கள், கையெழுத்து இல்லையென்றால் திருமணமே இல்லை என்றும் அவரிடம் சொல்லப்பட்டது. வேறு வழியில்லாத நிலையில் அவர் இட்ட கையெழுத்தை நீதிமன்றம் செல்லாது என்று ஒதுக்கியது. உங்கள் வருங்காலக் கணவரிடம் இந்த வழக்கைச் சொல்லுங்கள். அவசரம் உங்களைவிட அவருக்கே ஆபத்தானது என்பது புரியும்.

இந்தக் காரணத்தால்தான் கலிபோர்னியாவில் இறுதி வரைவு கைக்கு வந்த நாளுக்கும் கையெழுத்திடும் நாளுக்கும் இடையே குறைந்தது 7 நாட்கள் இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. ஜீவனாம்சத்தைக் கைவிடும் பிரிவு, கைவிடுபவருக்குக் கையெழுத்திடும்போது தனி வழக்கறிஞர் இருந்தாலன்றி அங்கே செல்லாது. ஜெர்மனியில் இருவரும் ஒருசேர நோட்டரி முன் தோன்றிச் செய்ய வேண்டும். இந்தியாவில் இத்தகைய ஒப்பந்தங்களுக்கென்று பொதுவான சட்டம் இல்லை; 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி பொதுக் கொள்கைக்கு முரணானவை என்று அவை எளிதில் எதிர்க்கப்படலாம். போர்த்துகீசியக் குடிமைச் சட்டத்தின் வழிவந்த கோவா இதற்கு விலக்கு.

குழந்தைகள் பற்றிய பிரிவை எடுத்துவிடச் சொல்லுங்கள். பிறக்காத குழந்தை யாரிடம் வளர வேண்டும் என்று பெற்றோர் எழுதி வைப்பது நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. பிரியும் காலத்தில் குழந்தையின் நலன் எதுவோ அதையே நீதிபதி பார்ப்பார். இப்படி ஒரு பிரிவை எழுதிய கை மற்றவற்றில் எவ்வளவு கவனமாக இருந்திருக்கும் என்ற ஐயமும் எனக்கு எழுகிறது.

பதில் 2

நான் வழக்கறிஞர் அல்லன். பதினொரு ஆண்டுகளுக்கு முன் இப்படியோர் ஒப்பந்தம் செய்துகொண்டு, இன்றும் அதே மனைவியோடு வாழ்ந்துவருபவன். உண்மையில் எங்களுக்குப் பயன்பட்டது ஒப்பந்தத்தைவிட அதன் பின்னே இணைத்த பட்டியல்தான். வங்கி இருப்பு, நிலம், காப்பீடு, கடன், நண்பருக்காக நான் போட்டிருந்த ஜாமீன் கையெழுத்து வரை அதில் எழுத வேண்டியிருந்தது. அந்த ஜாமீனைப் பற்றி அதுவரை என் மனைவியிடம் நான் வாய் திறந்ததே இல்லை. அன்றைய இரவு இனிமையாகக் கழியவில்லை, ஆனால் திருமணத்துக்குப் பிறகு அது தெரியவந்திருந்தால் இன்னும் மோசமாகியிருக்கும். பங்கின் மதிப்பை எழுதாமல் விடுவது சிறு குறை அல்ல. எதை விட்டுக்கொடுக்கிறீர்கள் என்று தெரியாமலே விட்டுக்கொடுக்கச் சொல்கிறார்கள்.

நாங்கள் செய்த தவறு வேறு. என் மனைவிக்கு அவருடைய தாயார் விட்டுச்சென்ற பணம் அவருடைய தனிச் சொத்து என்று தெளிவாக எழுதிவிட்டு, மூன்றாம் ஆண்டே அதைக் கூட்டுக் கணக்கில் போட்டு, இருவர் பெயரிலும் வாங்கிய வீட்டின் கடனை அடைத்தோம். இப்போது அதில் எது அவருடையது என்று காட்ட எங்களிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. தனிச் சொத்து பொதுவில் கலந்தால் என்ன ஆகும், நிறுவனத்துக்காக நீங்களும் சம்பளமின்றி உழைத்து அதன் மதிப்பு கூடினால் அந்தக் கூடுதல் யாருக்கு என்பதையெல்லாம் இப்போதே எழுதிக்கொள்ளுங்கள்.

பதில் 3

மேலே சொன்னவற்றோடு ஒன்று மட்டும். அமெரிக்கச் சட்டம் உங்களுக்குப் பொருந்துமானால், தனியார் நிறுவனப் பணியாளர்களின் ஓய்வூதியத்தை முறைப்படுத்தும் 1974ஆம் ஆண்டின் எரிசா (ERISA) சட்டத்துக்கு உட்பட்ட திட்டங்களில் துணைவருக்கு உரிய பங்கைத் திருமணத்துக்கு முன் எழுதிக்கொடுத்தால் செல்லாது. அதைக் கணவனோ மனைவியோ ஆன பிறகுதான் விட்டுக்கொடுக்க முடியும். ஒப்பந்தத்தில் இருக்கிறதே என்று பலர் அதோடு விட்டுவிடுகிறார்கள். இருவரும் எழுதும் உயிலும் ஒப்பந்தத்தோடு முரண்படாமல் இருக்கட்டும்.

கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. தனி வழக்கறிஞர் ஒருவரை அமர்த்திவிட்டேன். தோர்ன் எதிர் கென்னடி வழக்கை நான் மணக்கவிருப்பவரிடம் சொன்னேன். இரண்டு முறை கேட்டுவிட்டு, என் வழக்கறிஞரின் கட்டணத்தில் பாதியைத் தாமே தருவதாகச் சொன்னார். குழந்தைகள் பற்றிய பிரிவு நீங்கிவிட்டது. ஜீவனாம்சப் பிரிவுக்குப் பதிலாக, திருமணம் நீடிக்கும் ஆண்டுகளுக்கேற்ப உயர்ந்துசெல்லும் ஒரு தொகையை என் வழக்கறிஞர் முன்வைத்திருக்கிறார்; அதற்கு இன்னும் பதில் வரவில்லை. பங்கின் மதிப்பைக் கேட்டபோதுதான் தெரிந்தது, அவருக்கே அது தெரியாதாம். மதிப்பீட்டாளரின் அறிக்கை வர மூன்று வாரங்கள் ஆகும் என்கிறார்கள். அதுவரை யாரும் கையெழுத்திடுவதில்லை என்று இருவரும் முடிவு செய்திருக்கிறோம்.