ஈர்க்குச்சியும் நாலு திருப்பமும்

என் மகள் ஐந்தாம் வகுப்பு. எங்கள் வீடு புதுச்சேரி முத்தியால்பேட்டையில். போன மாதம் அவளுடைய பயிற்சித்தாளில் இரண்டு கோணங்களை வரைந்து, எது பெரியது என்று கேட்டிருந்தார்கள். ஒன்றுக்கு வாய் நன்றாக விரிந்திருந்தது, கைகள் குட்டை. இன்னொன்றுக்கு வாய் ஒடுக்கம், கைகள் நீளம். இவள் நீளமானதை வட்டமிட்டிருந்தாள். "ஏன் பாப்பா?" என்றேன். "இதுதானேம்மா பெருசா இருக்கு?"

முதலில் நான் தப்பு செய்தேன். 90 பாகைக்குக் குறைந்தால் குறுங்கோணம், கூடினால் விரிகோணம் என்று மூன்று நாள் ஒப்பிக்க வைத்தேன். கடகடவென்று சொன்னாள். நாலாம் நாள் அதே மாதிரிக் கணக்கில் அதே தப்பு.

அப்புறம் தென்னந்துடைப்பத்திலிருந்து இரண்டு ஈர்க்குச்சி உருவி, சப்பாத்தி மாவு உருண்டையில் செருகிக் கொடுத்தேன். தாளில் இருந்த கோணத்தின் மேல் சரியாகப் பொருத்தினாள். "இப்ப ரெண்டு குச்சியையும் பாதியா உடை" என்றேன். தயங்கித் தயங்கி உடைத்தாள். வைத்துப் பார்த்தாள், பொருந்தியது. இன்னும் உடைத்தாள். அப்போதும் பொருந்தியது. குச்சி விரல்நகம் அளவுக்கு வந்த பிறகு நிமிர்ந்து, "நீளத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லியாம்மா?" என்று கேட்டாளே, அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன்.

அந்த ஞாயிறு விடியற்காலையில், கடலோரம் இருக்கும் பழைய பிரெஞ்சுப் பகுதியான ஒயிட் டவுனுக்குக் கூட்டிப் போனேன். அங்கே தெருக்கள் கட்டம் போட்டது போல இருக்கும். 1693 முதல் 1699 வரை ஊர் டச்சுக்காரர்கள் கையில் இருந்தபோது போட்ட திட்டம் அது; திரும்பி வந்த பிரெஞ்சுக்காரர்களும் அதையே தொடர்ந்தார்கள். கடலைப் பார்த்தபடி ஒரு குறுக்குத் தெருவில் நடந்து, டூமா வீதியில் வலப்பக்கம் திரும்பினோம். அடுத்த குறுக்குத் தெருவில் மறுபடி வலம், ரோமன் ரோலண்ட் வீதியில் மறுபடி வலம், கடைசியாக இன்னொரு வலம். கடல் திரும்பவும் எதிரே. ஒரு பக்கம் நீளம், ஒரு பக்கம் குட்டை, ஆனால் நாலு திருப்பமும் ஒன்றுபோல. "நாலு தொண்ணூறு 360, முழுசா ஒரு சுத்து" என்று அவளே சொன்னாள். கோணம் என்பது திரும்பும் அளவு என்பதை நான் வாயால் சொல்லவே வேண்டியிருக்கவில்லை.

கோணமானியில் ஒரு சிக்கல் மட்டும் பாக்கி. அதில் இரண்டு பக்கமிருந்தும் எண்கள் ஓடுவதால் 70ஐ 110 என்று படித்துவிடுவாள். அளக்கும் முன் "செங்கோணத்தைவிடச் சின்னதா, பெருசா?" என்று கேட்கப் பழக்கினேன். சரியாகிவிட்டது.

இதற்குள் என் மாமியாரின் கோலத்தையும் அவள் விடவில்லை. நடு வரிசையில் 7 புள்ளி, மேலும் கீழும் ஒவ்வொன்றாகக் குறைந்து 4 வரை; முந்தின வரிசையின் இடைவெளிகளில் வைக்கும் ஊடுபுள்ளி, மொத்தம் 37 புள்ளி. பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் மூன்றைச் சாக்பீஸால் சேர்த்து அளந்தாள். அடியில் 56, 57, உச்சியில் 67. "ஆயா, மூணும் 60 வரணும்." வரிசைகள் கொஞ்சம் நெருங்கிவிட்டிருந்தன. ஆனாலும் கூட்டிப் பார்த்தால் 180! அது எப்படி என்று கேட்டாள். ஒரு காகித முக்கோணத்தின் மூன்று மூலைகளையும் கிழித்து ஒட்டினாற்போல் வைத்தோம். அடிப்பக்கம் நேர்கோடாக வந்து நின்றது. வேறு வேறு வடிவத்தில் ஐந்தாறு முக்கோணங்களைக் கிழித்தபிறகுதான் நம்பினாள்.

மறுநாள் அவளே புள்ளி வைத்தாள். ஒவ்வொரு புள்ளிக்கும் நடுவே ஒரே ஈர்க்குச்சித் துண்டை வைத்து வைத்து அளந்தாள். மாமியார் கோலமாவுக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் குந்தியிருந்தார். 37 புள்ளி முடிய நன்றாக வெயில் வந்துவிட்டது. "நாளைக்கு நேர்ப்புள்ளி வெக்கலாம் ஆயா, அதுல என்ன கோணம் வருதுன்னு பாக்கணும்" என்றாள்.